கீழிருந்து மூன்று

விண்ணப்பங்கள் நானூற்றுப் பன்னிரண்டு வந்திருந்தன. வேலையோ பன்னிரண்டு பேருக்குத்தான். கால்பந்து லீக்கின் பன்னிரண்டு மைதானங்களிலும் கேபிள்களையும் கேமராக்களையும் நடுவர் பார்க்கும் ரீப்ளே இணைப்பையும் இத்தனை காலமும் ஒப்பந்த ஆட்களே கவனித்து வந்தார்கள். இந்தப் பருவத்திலிருந்து மைதானத்துக்கு ஒருவர் என்று லீக்கே நேரடியாக ஆள் எடுக்கப்போகிறது. மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளப் பெயர் போட்ட அட்டை.

நியமன அதிகாரி தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கியிருந்த அந்த அதிகாரி அம்மாளை அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நம்ம சல்லடை முன்னூத்தி அறுபது பேரைத் தள்ளிடுச்சும்மா. மிச்சம் அம்பத்திரண்டு."

விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருளுக்கு அக்கா வைத்திருந்த பெயர் சல்லடை.

"தள்ளினதுல நல்லவங்க யாராவது இருந்தா?"

"இருப்பாங்கதான். சல்லடைக்குக் கண்ணு ஏது? அதான் உங்ககிட்ட கொண்டு வந்தேன். மனுஷக் கண்ணு ஒண்ணு பாத்திருக்கணுமாம், விதி. மேலோட்டமா பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

அவள் லீக்கின் தலைமை நெட்வொர்க் பொறியாளர். பதினாறு வருட சர்வீஸ். அடுத்த மாதம் தொழில்நுட்ப இயக்குநராகப் போகிறாள். கடிதம் தயாராகித் தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவள் பட்டியலை மேலோட்டமாகத்தான் பார்த்துக்கொண்டு போனாள். இருநூற்று முப்பதுக்கு அப்புறம் ஒரு பெயரில் கை நின்றது. பக்கத்துக் கட்டத்தில் தள்ளியதற்கான காரணம் இருந்தது: 'அரையிறுதிச் சம்பவம். பரிந்துரைக்க வேண்டாம்.'

அந்தப் பெயரை அவள் இதற்கு முன் ஒரே ஒரு காகிதத்தில்தான் பார்த்திருக்கிறாள், விசாரணை அறிக்கையில். மைதானத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லேபிள் என்பார்கள். எந்தக் கேபிளைப் போட்டாலும் இரண்டு முனையிலும் ஒட்டுத்தாளில் பெயர் அச்சடித்து ஒட்டுவார். இடுப்பில் அதற்கென்று ஒரு சின்ன இயந்திரம் தொங்கும். தன் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் தனித்தனியாக லேபிள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "அண்ணே, ரெண்டும் பிரிஞ்சு வேற வேற ஊருக்கா போகப் போகுது?" என்று அவளே ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறாள். "போனாலும் திரும்பி வந்து சேந்துக்கும்ல மேடம்" என்றார் அவர்.

"என்னம்மா நின்னுட்டீங்க?" அக்கா எட்டிப் பார்த்தார். "ஓ, இவரா. எந்தத் தைரியத்துல போட்டாரோ பாவம்."

"நாளைக்குக் கையெழுத்து போட்டுத் தரேன்க்கா" என்றாள் அவள்.

நடந்தது இதுதான். போன வருடம், அரையிறுதி ஆட்டம், பிற்பகல் நேரம். அவள் தலைமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். லேபிள் மைதானத்தில், பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் உள்ள சிறிய கான்கிரீட் அறையில். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மாற்று இணைப்புக்கான சுவிட்ச் ஒன்று கிறுக்குப் பிடித்த மாதிரி மொத்த நெட்வொர்க்கையும் குழப்ப ஆரம்பித்தது. சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. முப்பது நாற்பது கேபிள்கள் வந்து செருகிக்கொள்ளும் தட்டையான பெட்டி. அப்படி ஆறு பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓர் இரும்பு ரேக்கில் அடுக்கியிருந்தன. கெட்டதை உடனே அணைக்க வேண்டும். அவள் எதிரில் அந்த ரேக்கின் புகைப்படம் இருந்தது. நாம் எதையும் மேலிருந்துதானே படிக்கிறோம்? அவள் மேலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணாவது சுவிட்ச அணைங்க!" என்று தொலைபேசியில் கத்தினாள்.

"மேடம், மூணாவதுன்னா…"

"பேசிட்டு நிக்காதீங்கண்ணே, அணைங்க!"

ஆனால் அந்தத் தொழிலில் ரேக்கைக் கீழிருந்துதான் எண்ண வேண்டும். வீட்டுக்கு மாடி கட்டுகிற மாதிரி, தரையிலிருந்து ஒன்று, இரண்டு. முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. லேபிள் பாடப்படி எண்ணினார். கீழிருந்து மூன்றாவது, கேமராக்கள் எல்லாம் வந்து சேரும் பிரதான சுவிட்ச். அது அணைந்து மறுபடி உயிர் பெற நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடத்துக்குள்தான் பந்து கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. நடுவர் ரீப்ளே கேட்டார். திரை கறுப்பாக இருந்தது. தன் கண்ணை நம்பி, கோல் இல்லை என்றார். பிறகு யாரோ ரசிகர் கைபேசியில் எடுத்த படத்தில் பந்து ஒரு சாண் உள்ளே இருந்தது ஊருக்கே தெரிந்தது.

விசாரணையில் அவளிடம் கேட்டார்கள்: "நீங்க மூணாவதைத்தான அணைக்கச் சொன்னீங்க?" ஆமாம் என்றாள். "கெட்டுப்போனது மூணாவதுதானே?" ஆமாம். "அவர் அணைச்சது வேறதானே?" ஆமாம். எங்கிருந்து மூன்று என்று எவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. இரவு படுக்கையில் இதைத் தனக்குத் தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். அறிக்கையில் ஒரே வரி: 'ஒப்பந்தப் பணியாளர் தவறான கருவியை அணைத்துவிட்டார்.'

மறுநாள் காலை, செய்முறைத் தேர்வுக்கு இடம் பார்க்க அவள் அதே மைதானத்துக்குப் போனாள். புல்தரையைப் பராமரிப்பவர் சாவிக்கொத்தோடு வந்து அறையைத் திறந்துவிட்டார். சம்பவத்துக்குப் பிறகு அவள் எந்த மைதானத்திலும் அப்படி ஓர் அறைக்குள் கால் வைத்ததில்லை. வேறு ஆட்களை அனுப்பிச் சமாளித்துக்கொண்டு வந்தாள்.

ரேக்கின் கதவைத் திறந்தாள். கதவின் உட்பக்கம், கண் உயரத்தில், அரை விரல் அகலத்தில் வெள்ளை ஒட்டுத்தாள்கள் மூன்று, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தன.

'கீழிருந்து எண்ணவும்.'

'சந்தேகம் இருந்தால் கேட்கவும்.'

'கேட்பவர் மேல் கோபப்பட வேண்டாம்.'

"இது யார் ஒட்டினது?"

"வேற யாரு, நம்ம லேபிள்தான் மேடம்" என்றார் புல்தரைக்காரர். "போகச் சொல்லி ஒரு வாரம் அவகாசம் குடுத்தாங்கல்ல? அந்த வாரத்துல பன்னெண்டு மைதானத்துக்கும் பஸ் ஏறிப் போயி ஒட்டிட்டு வந்தாரு. போகச் சொன்ன இடத்துக்கு இவ்வளவு உழைக்கிறியே, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கான்னு கேட்டேன். அடுத்து வர்றவன் மாட்டிக்கக் கூடாதுல்லன்னாரு."

"இப்ப என்ன பண்றார்?"

"கடைகளுக்குப் பேர்ப்பலகை மாட்டுறாரு. இல்ல, மாட்டிட்டு இருந்தாரு. போன மழைக்காலத்துல ஏணி சறுக்கி விழுந்து வலது கையில ரெண்டு விரல் மடங்கல. ஆனா இந்தப் புது வேலைக்கு எழுதிப் போட்டிருக்காராம். கூப்பிடுவாங்களா மேடம்?"

அவள் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, திரும்பத் திறந்து இன்னொரு முறை படித்தாள். தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. யார் மேலும் குற்றம் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய கோபத்துக்கு மட்டும், அதுவும் இனிமேல் வரப்போகிற ஒருவருக்காக, மிகப் பணிவாக ஒரு வேண்டுகோள் விட்டிருந்தார். மனிதர்களை உலுக்கக் கடவுள் இடியும் மின்னலும் அனுப்ப வேண்டும் என்றில்லை. அரை விரல் ஒட்டுத்தாள் போதும்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மருந்துக்கடைக்காரர். தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"ஒரு வருஷமா என்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். அதான்."

"இப்பவும் அதைத்தான் சொல்லப் போறேன்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கடையில மாத்திரை மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா, போட்டது போட்டபடி தெருவுல ஓடியிருக்கேன். செருப்புகூட இல்லாம. நீயே பாத்துச் சிரிச்சிருக்க."

"பதவி போயிடுங்க."

"போகட்டும்னு வாய் கூசாம சொல்ல எனக்கும் வரல. இயக்குநர் வீட்டுக்காரர்னு நாலு பேர்கிட்ட பீத்தி வேற வெச்சுட்டேன்." துடைத்த துணியை மடித்து வைத்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு வருஷமா நீ சாமி கும்பிடுறப்ப கண்ண மூடுறதே இல்ல. சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கண்ண மூடினாத்தானே?"

"நான் எப்பவும் ஒரு கண்ணால உன்னப் பாத்துக்கிட்டேதான் கும்பிடுவேன். சாமிக்கு அது பழகிப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த அதே மூச்சில் அழுகையும் வந்தது. தேற்ற ஒன்றும் சொல்லாமல் அவர் எழுந்து போய் மிச்சத் தட்டுகளைக் கழுவினார். சில சமயம் அதைவிடப் பெரிய ஆறுதல் இருப்பதில்லை.

அடுத்த நாள் அவள் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே 'தேர்வுக்கு அழைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காரணம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டாள். அதை எழுதுவதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தேர்வு நாளன்று குழுவில் மூன்று பேர். அவள், அக்கா, மூன்றாவதாக நடுவர். அரையிறுதியில் விசில் ஊதிய அதே நடுவர்தான். அந்தப் பருவத்தோடு களத்திலிருந்து விலகி, இப்போது இளம் நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். காலையில் இரண்டு பேரின் தேர்வு முடிந்தது. மூன்றாவது ஆளின் காகிதத்தை எடுத்த அக்கா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, சல்லடை தள்ளின ஆளத் திரும்ப எடுத்திருக்கீங்க. காரணம் எழுதலையே?"

நடுவர் காகிதத்தை வாங்கிப் பெயரைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது. "இந்த ஆளா? இவர எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவள் எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்தபடி சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

"தப்பு அவரோடது இல்ல சார். என்னோடது. கீழிருந்து எண்ணணும். அவர் கீழிருந்துதான் எண்ணினார். நான் படத்தைப் பாத்து மேலிருந்து எண்ணிச் சொல்லிட்டேன். அவர் கேட்க வந்தார், நான்தான் கத்தி வாய அடைச்சேன். விசாரணையில யாரும் கேட்கலன்னு நானும் சொல்லல."

நடுவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என் பொண்ணு ரெண்டு வாரம் ஸ்கூலுக்குப் போகலம்மா" என்றார். "வீட்டுச் சுவத்துல குருடன்னு எழுதிட்டுப் போனாங்க. நான் பெயின்ட் அடிச்சேன். மறுபடி எழுதினாங்க. ஒரு வருஷமா இந்த லேபிள் மேலதான் நான் கோவத்த வெச்சிருந்தேன். இப்ப அத எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

"என் மேல வைங்க சார்."

"வைக்கத்தான் போறேன். இறக்க எத்தனை நாள் ஆகும்னு தெரியல." அவர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. "முதல்ல அந்த ஆளக் கூப்பிடுங்க. வாசல்ல ரொம்ப நேரமா உக்காந்திருக்கார்."

அக்கா பேனாவைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். "இத நான் மேலே எழுதி அனுப்பியே ஆகணும்மா."

"நானே எழுதிக் கொண்டு வந்திருக்கேன்க்கா." அவள் பையிலிருந்து எடுத்த காகிதம் நான்காக மடிந்திருந்தது. ஒரு பக்கம்தான். அக்கா அதைப் படிக்கவில்லை. மடிப்பை மெல்ல நீவிக் கோப்புக்குள் வைத்தார்.

தேர்வின் முதல் பகுதி தொலைபேசியில். அவள் இந்த அறையில். லேபிள், நடுவர், அக்கா மூவரும் அடுத்த அறையில், மாதிரிக்கு வைத்த ரேக்கின் முன்னால். கேள்வியை மூன்று வாரத்துக்கு முன் அவளேதான் தயாரித்து அச்சடிக்கக் கொடுத்திருந்தாள். காலையில் இரண்டு முறை படித்தும் உறைக்காதது இப்போது ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 'மூன்றாவது சுவிட்சை அணைக்கவும்' என்றுதான் இருந்தது. எங்கிருந்து மூன்று என்று இத்தனைக்குப் பிறகும் அவள் எழுதவில்லை! காலையில் வந்த இரண்டு பேரில் ஒருவர் மேலிருந்து எண்ணியிருந்தார், மற்றவர் கீழிருந்து. இருவருமே கேட்கவில்லை.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"மூணாவது சுவிட்ச அணைங்க."

எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம். திட்டு விழும் என்று தெரிந்தே கதவைத் தட்டுகிறவரின் குரலில் வந்தது கேள்வி.

"மேடம்… மேலிருந்தா, கீழிருந்தா?"

"கீழிருந்துண்ணே. கேட்டதுக்கு ரொம்ப நன்றி. அன்னிக்கும் நீங்க கேட்க வந்தீங்க. நான்தான் விடல. நான் மேலிருந்து எண்ணியிருந்தேன். தப்பு என்னோடது. அங்க இருக்கிற ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

பெட்டிகளின் சின்னச் சின்ன மின்விசிறிகள் இரைகிற சத்தம் மட்டும். பிறகு 'டிக்' என்று ஓர் ஓசை.

"கீழிருந்து மூணு. அணைச்சுட்டேன் மேடம்" என்றார். அப்புறம், மெதுவாக: "அப்போ நான் சரியாத்தான் எண்ணினேனா?"

"சரியாத்தான் எண்ணினீங்க."

"மறந்து மேலிருந்து எண்ணிட்டேனோன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துகிட்டே இருந்துச்சு மேடம். வீட்டுல படிக்கட்டெல்லாம்கூட எண்ணிப் பாப்பேன்."

அவள் ரிசீவரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

இரண்டாம் பகுதி, கேபிள் முனை கட்டுவது. நூல் போன்ற எட்டுக் கம்பிகளை நிறவரிசையில் அடுக்கி கண்ணாடி போன்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் முனைக்குள் செருகி அழுத்த வேண்டும். இரண்டு முனைகள், பத்து நிமிடம். ஒரு காலத்தில் லேபிள் இதைப் பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்வார். இப்போது வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. முதல் முனை சரியாக வந்தது. இரண்டாவதில் பச்சைக் கம்பி இரண்டு முறை நழுவியது. ஆரஞ்சு வரிசை மாறியது. பிரித்து மறுபடி அடுக்கினார். நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டியது. உதவி செய்யத் துடித்த கைகளை அவள் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். தன் மௌனத்துக்கு என்ன விலை என்று அந்த இரண்டு விரல்களைப் பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. ஒப்புக்கொண்டதால் அவை மடங்கிவிடப் போவதில்லை.

"நேரம் முடிஞ்சுதுங்க" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

லேபிள் கம்பியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "பரவாயில்லம்மா. சரியா எண்ணினேன்னு தெரிஞ்சுதே, அது போதும்."

"உக்காருங்க" என்றார் நடுவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "விரல்ல எப்போ அடி?"

"போன மழைக்காலத்துல சார். பலகை மாட்டறப்போ."

"ஆட்டத்துல காயம்பட்டா, அதுல போன நேரத்தக் கடைசியில சேர்த்துக் குடுப்போம். அது எங்க விதி."

"இது ஆட்டம் இல்லையே சார்" என்றார் அக்கா.

"எல்லாரும் ஓடற மாதிரி அவரும் ஓடியிருப்பார். விழ வெச்சது நாம. எவ்வளவு நேரம்னு முடிவு பண்றது நடுவர்." கொஞ்சம் யோசித்தார். "நாலு நிமிஷம்."

அக்கா ஆட்சேபிக்கவில்லை. தேர்வுத் தாளின் ஓரத்தில், 'காயத்துக்கான கூடுதல் நேரம்: 4' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் போட்டார்.

மூன்றரை நிமிடத்தில் முனை கட்டி முடிந்தது. சோதிக்கும் கருவியில் செருகியதும் எட்டுப் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. அவள் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் எண்ணினாள். அதற்குள் லேபிள் இடுப்பிலிருந்த இயந்திரத்தை எடுத்து என்னமோ அச்சடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதே, இன்னும் என்ன?" என்றார் நடுவர்.

"அரை நிமிஷம் பாக்கி இருக்கு சார். ரெண்டு முனைக்கும் பேர் ஒட்டிடறேன்."

நடுவர் சிரித்துவிட்டார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

லேபிளுக்கு வேலை கிடைத்தது. அறிக்கையின் அந்த ஒரு வரியை லீக் திருத்தி எழுதியது. இயக்குநர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவளுக்கு எழுத்துப்பூர்வமான கண்டனமும் பழைய நாற்காலியும். மருந்துக்கடைக்காரர் தான் பீத்தி வைத்த நான்கு பேரிடமும் போய்த் திருத்திச் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாமி கும்பிடும்போது அவள் கண்ணை மூடினாளா என்பது அவருக்குத்தான் தெரியும்.

பருவத்தின் முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் திரைகள் எல்லாம் உயிரோடு இருந்தன. ரீப்ளே பார்க்கும் இளம் நடுவர்களுக்குப் பின்னால் பழைய நடுவர் நின்றிருந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கோபத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை, ஆனாலும் தலையசைத்தார். புது இயக்குநர் அவள் தோளுக்குப் பின்னால் பரபரப்பாக நடந்துகொண்டிருந்தார்.

மைதானத்திலிருந்து தொலைபேசி அடித்தது.

"மேடம், நான்தான். ஒரு சின்னச் சந்தேகம்."

"இப்பப் போயி என்ன சந்தேகம், நேரமே இல்லையே!" என்றார் இயக்குநர்.

அவள் அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல உள்ளங்கையை உயர்த்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"கேளுங்கண்ணே" என்றாள்.